பச்சைப் பொம்மையின் தோளில் மதராஸ் சாப்பரின் தலை

பச்சைப் பிளாஸ்டிக் பொம்மைச் சிப்பாயின் தலையை அறுத்துவிட்டு வேறு தலை பொருத்துவது சிறுபிள்ளை வேலையாகத் தோன்றலாம். ஆனால் அந்தத் தலை கழுத்தில் நிலைத்து நிற்கவும் வேண்டும், பூசிய வண்ணம் உதிராமலும் இருக்க வேண்டும் என்றால் அது பொறுமையைக் கேட்கும் வேலைதான். கண்ணிவெடி அகற்றும் மதராஸ் சாப்பர்கள் (ராணுவப் பொறியியல் படையினர்) ஐவரின் குழு ஒன்று இப்போது என் மேசையில் நிற்கிறது. வீட்டில் எல்லோரும் எடுத்துத் திருப்பிப் பார்த்தாயிற்று, மேசையிலிருந்து விழவும் செய்தாயிற்று. எந்தத் தலையும் கழலவில்லை. ஆகவே செய்த முறையை வரிசைப்படி எழுதி வைக்கிறேன்.

கடைகளில் பாக்கெட்டாக விற்கும் பச்சைச் சிப்பாய்கள் பெரும்பாலும் இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்கக் காலாட்படையைப் பார்த்து வார்க்கப்பட்டவை, அல்லது அப்படி வார்க்கப்பட்டவற்றின் நகலின் நகல்கள். காதளவு இறங்கி நிற்கும் எம்-1 தலைக்கவசமே அதற்கு அடையாளம். நான் வாங்கிய பாக்கெட்டில், நீண்ட கோலின் நுனியில் வட்டத் தட்டுடன் தரையைத் துழாவும் கண்ணி தேடும் உருவம் ஒன்றும் இருந்தது. அதைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தவர் சுபேதார் சுப்பிரமணியன். மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த அவர், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணி வயலில் பாதை திறக்கும் குழுவில் இருந்தபோது, உடன் வந்த வீரர் ஒருவரின் காலடியில் கண்ணி ஒன்று கிளம்பிவிட, மற்றவர்களைக் காக்க அதன்மேல் பாய்ந்து உயிர் துறந்தார். இறப்புக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீரப்பதக்கம் வழங்கப்பட்டது. அந்த நிகழ்வையே பொம்மையில் வடிப்பது முறையாக எனக்குப் படவில்லை. அதே குளிர்காலத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்த, பெயர் தெரியாத ஐந்து சாப்பர்களைச் செய்யலாம் என்று முடிவெடுத்தேன். 1780-இல் மதராஸ் பயனியர்களாகத் தொடங்கிய இந்தப் படையினருக்கு ராணுவத்தில் 'தம்பி' என்ற செல்லப்பெயர் உண்டு. என் மேசையிலும் இவர்களுக்கு அதுவே பெயர்.

இத்தாலியில் போரிட்ட இந்தியப் படையினர் பெரும்பாலும் அணிந்தது பிரிட்டிஷ் மார்க்-2 தலைக்கவசம், அதாவது கவிழ்த்த தட்டைப் போல விளிம்பு அகன்று, காது வெளியே தெரியும்படி உட்காரும் கவசம். எம்-1 கவசத்தை மட்டும் சீவிவிட்டு மேலே புதிய விளிம்பு ஒட்டினால் போதாதா என்று முதலில் யோசித்தேன். ஆனால் கவசம் மறைத்திருந்த இடத்தில் பொம்மைக்குக் காதே இல்லை. எனவே தலை முழுவதையும் மாற்றுவதே வழி. தலைகளை 1/32 அளவில் வந்த பழைய பிரிட்டிஷ் எட்டாம் படை உருவங்களிலிருந்து எடுத்தேன். பாலைவனப் போருக்கான அரைக்கால் சட்டை போட்ட உருவங்கள் அவை. உடல்கள் இத்தாலியக் குளிருக்கு ஆகாது, தலைகள் அப்படியே பொருந்தும்.

வாங்குவதற்கு முன் அளவு பார்த்தது பிற்பாடு பெரிதும் உதவியது. 170 செ.மீ. உயரமான ஆள் 1/32 அளவில் 53 மி.மீ. நிற்பான். உண்மையான மார்க்-2 கவசம் விளிம்போடு சேர்த்து ஏறத்தாழ 30 செ.மீ. அகலம்; 32-ஆல் வகுத்தால் 9.4 மி.மீ. வெர்னியர் காலிப்பரால் அளந்தபோது என் தலைகள் 9.2 முதல் 9.8 மி.மீ. வரை இருந்தன. பச்சைச் சிப்பாய்களோ கடைக்குக் கடை மாறுபவை, 45 மி.மீ. உடலும் உண்டு, 54 மி.மீ. உடலும் உண்டு. 50 மி.மீ.க்குக் குறைந்த உடலில் இந்தத் தலையை வைத்தால் கோயில் திருவிழாப் பொம்மையாட்டத் தலைபோல உருண்டு தெரியும். ஆகவே பாக்கெட்டிலேயே உயரமான ஐந்து உடல்களைத் தேர்ந்தெடுத்தேன்: கண்ணி தேடுபவன், ஊர்ந்து செல்பவன், ஒரு காலை மண்டியிட்டு வயர்லெஸ் பேசுபவன், தொலைநோக்கி பிடித்தவன், துப்பாக்கியுடன் நிற்பவன்.

அடுத்தது பிளாஸ்டிக் எது என்று உறுதி செய்வது, ஏனெனில் ஒட்டும் முறை முழுவதும் அதைப் பொறுத்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் மிதப்பது பாலிஎத்திலீன், மூழ்குவது பாலிஸ்டைரீன் அல்லது பி.வி.சி. பாலிஎத்திலீனின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. பாலிஸ்டைரீன் சற்றுக் கூடுதல், 1.05 அளவில். காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டால் ஏமாற்றும், விரலால் தடவிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். என்னுடைய உடல்கள், தலைகள் இரண்டுமே மிதந்தன. பாலிஸ்டைரீனாக இருந்திருந்தால் மாடல் பசை இரு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடும், வேலை சுலபம். பாலிஎத்திலீனை அந்தப் பசை தொடுவதே இல்லை. சூப்பர் குளூவும் மேலே கண்ணாடித் தகடுபோல் இறுகி, நகத்தால் தட்டினால் பெயர்ந்து வந்துவிடும். அதற்கென்று தனி ப்ரைமருடன் வரும் பசை உண்டு என்றாலும், கம்பி செருகி நிறுத்துவதையே நான் நம்புகிறேன்.

கருவிகள் அதிகமில்லை. கையால் சுழற்றித் துளையிடும் பின் வைஸ் ஒன்று, 0.6 மி.மீ. துளைமுனைகள், ஒற்றைப் பக்கம் கூர்மையான சவர பிளேடுகள், சாதாரணக் குண்டூசி, சிறு கட்டிங் பிளேயர், வெர்னியர், எம்-சீல் (பிசைந்து பயன்படுத்தும் எபாக்ஸி மாவு), ஃபெவிகால், துணிக்குப் பூசும் அக்ரிலிக் வண்ணம். பின் வைஸும் முனைகளும் சேர்ந்து ₹350, பச்சைச் சிப்பாய்ப் பாக்கெட் ₹180. எட்டாம் படைப் பெட்டிதான் விலை: பழைய சரக்காக ₹1,400. அதையும் ஐந்து தலைக்கு மட்டுமென்று கணக்கிட்டால் வயிறு எரியும். மீதித் தலைகள் அடுத்த குழுவுக்கு இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டேன்.

வார்ப்பின்போது அச்சில் தடவும் எண்ணெய் உருவத்தின்மேல் தங்கியிருக்கும். பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் காயவைத்த பிறகுதான் கத்தியை எடுத்தேன்.

அறுப்பதில் ஒரே விதி: ஒரே வெட்டு. பாலிஎத்திலீனை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்க்க முடியாது. தேய்த்த இடம் வழவழப்பாவதற்குப் பதில் பஞ்சுபோல் மயிர் எழும்பி நிற்கும். சிறு ரம்பமும் அதையே செய்யும். பிளேடைச் சூடாக்கினால் ஓரம் உருகி உருண்டுகொள்ளும், புகையும் நல்லதல்ல. உருவத்தை ஒரு நிமிடம் வெந்நீரில் முக்கி எடுத்து, பிளாஸ்டிக் சற்று இளகியிருக்கும்போது புதிய பிளேடை வைத்து, இழுக்காமல் நேராக அழுத்தினால் சுத்தமாக இறங்குகிறது. மூன்று தலைக்கு ஒரு பிளேடு என்று மாற்றினேன். உருவத்தைப் பழைய ரப்பர் செருப்பின் துண்டில் குழி வெட்டிப் படுக்கவைத்தால் வழுக்காது, விரலும் பிளேடின் பாதையில் வராது.

எங்கே வெட்டுவது? தலை தரும் உருவத்தில் கழுத்து முழுவதும் தலையோடு வரும்படி காலரை ஒட்டி வெட்ட வேண்டும். உடலில் கழுத்தே மிஞ்சாதபடி காலருக்குள் இறக்கி வெட்ட வேண்டும். இரண்டிலும் பாதிப்பாதிக் கழுத்து விட்டுவைத்தால் இணைப்புக்கோடு தொண்டையின் நடுவில் வந்து, எதைப் பூசினாலும் தெரியும். காலரின் மடிப்பில் ஒளிந்துகொண்டால் யார் கண்ணுக்கும் படாது.

இந்த இடத்தில்தான் தலைமாற்றுதலைப் பற்றிய என் எண்ணம் மாறியது. கவசத்தை மாற்றுவதற்காகத் தொடங்கிய வேலை, உண்மையில் பார்வையை மாற்றும் வேலையாக ஆயிற்று. பாக்கெட்டில் வந்த கண்ணி தேடுபவன் கையில் கருவியைத் தரையில் வைத்துக்கொண்டு முகத்தை எதிரே தொலைவில் எங்கோ வைத்திருந்தான். அச்சிலிருந்து சுலபமாகக் கழல வேண்டும் என்பதற்காக பெரும்பாலான பொம்மைகளை அப்படித்தான் வார்க்கிறார்கள். கண்ணி வயலில் எந்தச் சாப்பரும் அப்படி நடக்கமாட்டான். அவன் கண் தட்டின்மேல் இருக்க வேண்டும், காது ஒலியின்மேல் இருக்க வேண்டும். ஆகவே கழுத்தின் அடியைச் சாய்வாகச் சீவினேன். 4 மி.மீ. தடிமனான கழுத்தில் முன்பக்கம் 1.5 மி.மீ. குறைத்தால் தலை ஏறத்தாழ 20 பாகை குனிகிறது. ஒரே சீவலில் அந்த அளவை எடுக்காமல், அரை மி.மீ.யாக எடுத்து, ஒவ்வொரு முறையும் குண்டூசியில் தற்காலிகமாகக் குத்தி நிறுத்திப் பார்த்தேன். சரிபார்க்க ஓர் ஈர்க்கை மெல்லிதாகக் கிழித்து, ஒரு முனையைப் புருவ நடுவில் வைத்து, மறுமுனை கருவியின் தட்டில் விழுகிறதா என்று பார்த்தால் போதும். கண்ணளவில் சரியாகத் தோன்றிய முதல் நிலையில் ஈர்க்கு தட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தது. 20 பாகையில் சரியாகத் தட்டின் முன்விளிம்பில் விழுந்தது. அதற்கு மேல் குனிந்தால் கவச விளிம்பு முகத்தை மறைத்து, மேலிருந்து பார்ப்பவருக்கு ஒரு வட்டம் மட்டுமே தெரியும்.

ஊர்பவனுக்கு நேர்மாறான சிக்கல். வயிற்றில் படுத்திருக்கும் உடலில் தலையை அண்ணாந்து வைத்திருந்தார்கள். மார்க்-2 கவசத்தின் பின்விளிம்பு முதுகில் இடித்து அப்படி நிற்கவே முடியாது. தலையை நிமிர்த்தாமல் முதுகின் கோட்டிலேயே சற்று உயர்த்தி வைத்ததும், எதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் முழங்கைக்கு முன்னால் உள்ள மண்ணைப் பார்ப்பவனாகிவிட்டான். கையிலிருந்த துப்பாக்கியை வெட்டி எடுத்துவிட்டு, குண்டூசியைச் சுத்தியலால் தட்டையாக்கிச் செருகினேன். மண்ணைச் சாய்வாகக் குத்திப் பார்க்கும் பயனட் (துப்பாக்கிமுனைக் கத்தி) ஆயிற்று. தொலைநோக்கிக்காரனின் கைகளையும் வெட்ட நேர்ந்தது, ஏனெனில் தொலைநோக்கி பழைய முகத்தோடு ஒட்டியே வார்க்கப்பட்டிருந்தது. கைகளை வெந்நீரில் இளக்கி மார்பளவு இறக்கிக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் அப்படியே நின்றுகொள்ளும். சில நாட்களில் பாதியளவு பழைய இடத்துக்கே திரும்பிவிடும் குணமும் இந்தப் பிளாஸ்டிக்குக்கு உண்டு. வேண்டியதைவிடக் கூடுதலாக வளைத்து வைப்பதே பரிகாரம்.

இனி கம்பி. சாதாரணக் குண்டூசி என் வெர்னியரில் 0.7 மி.மீ. காட்டியது, துளையை 0.6 மி.மீ. போட்டேன். பாலிஎத்திலீன் விரிந்து கொடுத்துக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் இந்த 0.1 மி.மீ. வித்தியாசமே பசையின் வேலையைச் செய்கிறது. சூடாக்கிய ஊசியை நேராக இறக்கிவிடலாம் என்ற குறுக்குவழியையும் முயன்றேன். உருகிய துளை ஊசியைவிட அகலமாகி, கோணமும் தவறி, தலை ஆடத்தான் செய்தது. பின் வைஸைக் கையால் மெதுவாகத் திருக வேண்டும். நான்கு திருகலுக்கு ஒருமுறை முனையை வெளியே எடுத்துச் சுருளைத் துடைக்காவிட்டால் துளைக்குள்ளேயே சுற்றிக்கொள்ளும். தலைக்குள் 4 மி.மீ., உடலுக்குள் 6 மி.மீ. ஆழம். மையம் தவறாமலிருக்க, முதலில் தலையில் கம்பியைப் பொருத்தி, வெளியே 1 மி.மீ. மட்டும் நீளும்படி வெட்டி, அந்த நுனியில் ஒரு பொட்டு வண்ணம் தொட்டு, காலரின்மேல் வேண்டிய நிலையில் வைத்து அழுத்தினேன். பொட்டு விழுந்த இடமே துளை போடும் இடம். பிறகு அந்தக் குறுங்கம்பியை எடுத்துவிட்டு 10 மி.மீ. கம்பியை மாற்றினேன்.

இப்படிச் செருகிய தலை ஒட்டாமலே திரும்பும். பிரிட்டனில் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1950-களின் இறுதியில் கொண்டுவந்த ஸ்வாப்பெட் பொம்மைகள் ஏறக்குறைய இந்த முறையில்தான், கழற்றி மாற்றும் தலைகளுடன் வந்தன. குழந்தைகள் கையில் போகும் பொம்மையாக இருந்தால் குண்டூசி கூடாது; கம்பி வெளியே வந்தால் கண்ணைக் குத்தும். அலமாரியில் நிற்கும் உருவத்துக்கு மட்டுமே இந்த முறை.

இணைப்பை மறைக்கவும் அமெரிக்க உடுப்பை மறைக்கவும் ஒரே தீர்வாகக் கிடைத்தது தோல் ஜெர்கின். பிரிட்டிஷ், இந்தியப் படையினர் குளிரில் கம்பளிச் சீருடைக்கு மேல் போட்ட, கையில்லாத, முன்னால் பெரிய பொத்தான்கள் வைத்த மேற்சட்டை அது. எம்-சீலைப் பிசைந்து, இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்துப் பாட்டிலால் உருட்டி, 0.5 மி.மீ. கனத்துக்குத் தட்டையாக்கினேன். முதுகுத்துண்டு ஒன்று, முன்துண்டு இரண்டு. எபாக்ஸியும் பாலிஎத்திலீனில் தானாக ஒட்டாது என்பதால், ஜெர்கின் வரும் இடமெல்லாம் ஊசியால் நிறையக் குத்திவைத்தேன். மாவு அந்தக் குழிகளில் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது, உடலைச் சுற்றிலும் மூடிவிடுவதால் பெயரவும் வழியில்லை. கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய உருட்டலை வைத்து, ஈரப்படுத்திய பல்குச்சியால் அழுத்திக் காலராக்கியதும் வெட்டுக்கோடு மறைந்தது. துப்பாக்கிக்காரனின் கையில் இருப்பது அமெரிக்கத் துப்பாக்கியாகவே இருக்கிறது. அதன் நடுப்பகுதியின்மேல் ஜெர்கினின் ஓரத்தைச் சரியவிட்டு மறைத்திருக்கிறேன். உற்றுப் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

கண்ணி தேடும் கருவிக்குக் காதொலிப்பான் தேவை. போலந்து அதிகாரி யூசெஃப் கோசாட்ஸ்கி உருவாக்கி, 1942-இல் எல் அலமெய்னில் பிரிட்டிஷ் எட்டாம் படை பயன்படுத்திய கருவியும் சரி, அமெரிக்கக் கருவியும் சரி, கண்ணுக்கு அல்ல, காதுக்கே செய்தி சொல்பவை. பொம்மையில் அது இல்லை. எம்-சீலில் மிளகைவிடச் சிறிய இரண்டு உருண்டைகளைத் தட்டையாக்கி, 1.5 மி.மீ. வட்டுகளாகக் கவச விளிம்புக்குக் கீழே காதுகளின்மேல் ஒட்டி, மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செப்பிழையைத் தோள்வழியாக முதுகுப் பெட்டிவரை ஓட்டினேன். செப்பிழை ஜெர்கின் ஈரமாக இருக்கும்போதே புதைய வேண்டும். பின்னால் ஒட்ட முயன்றால் நிற்காது.

வண்ணத்துக்கு முன் நீர் கலந்த ஃபெவிகாலை இரண்டு பூச்சு பூசி ஒவ்வொன்றையும் ஓர் இரவு காயவிட்டேன். அது உருவத்தைச் சுற்றி ஓர் உறைபோல் இறுகுவதால், அதன்மேல் ஏறும் வண்ணம் பிளாஸ்டிக்கை நம்பி இருக்க வேண்டியதில்லை. எனாமல் காய்ந்தபின் வளைந்து கொடுக்காது; கருவியின் கோல் ஒருமுறை வளைந்தாலே விரிசல் விழும். துணிக்கான அக்ரிலிக் வளைந்து கொடுக்கிறது. சீருடைக்குக் காக்கிப் பழுப்பு, ஜெர்கினுக்குச் செம்பழுப்பு, கணுக்கால் பட்டைக்கு வெளிறிய பச்சை. அமெரிக்கப் பொம்மையின் கால்பட்டை கெண்டைக்கால் பாதிவரை ஏறியிருக்கும். பிரிட்டிஷ் பட்டை கணுக்காலோடு நிற்பது. செதுக்கி எடுக்க முடியாததால் வண்ணத்தால் கோட்டை இறக்கி, மேல்பாதியைக் காற்சட்டையாக்கினேன்.

முகத்துக்குத்தான் அதிக நேரம் செலவானது. தலைகள் பிரிட்டிஷ்காரர்களுக்காக வார்க்கப்பட்டவை என்பது வண்ணத்துக்குப் பிறகு ஒரு பொருட்டே இல்லை, 7 மி.மீ. முகத்தில் மூக்கின் சாயலைவிட நிறமும் மீசையுமே பேசுகின்றன. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் ரா அம்பர் என்ற கரும்பழுப்பைக் கலந்து அடிப்பூச்சு; அதனோடு மஞ்சள் ஓக்கர் என்ற மண்மஞ்சளைச் சேர்த்து மூக்குத்தண்டு, கன்னமேடு, தாடை; கண்குழியில் அடிப்பூச்சை இன்னும் இருட்டாக்கியது. வெள்ளையைக் கலந்து வெளிச்சம் காட்ட முயன்ற முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆயிற்று, அதைக் கழுவிவிட்டு ஓக்கரால் மறுபடி செய்தேன். கண்ணுக்கு வெள்ளைப்பொட்டு வைக்கவில்லை. குனிந்த முகத்தில் விளிம்பின் நிழலே போதும். தோளில் நான்காம் இந்திய டிவிஷனின் சிவப்புக் கழுகை 1.6 மி.மீ. கருஞ்சதுரத்தில் வரையவேண்டும், ஒற்றை மயிர்த் தூரிகையால் சிவப்பில் ஒரு சிறு 'வி' போட்டால் ஓரடி தூரத்தில் கழுகாகத் தெரிகிறது.

ஐவரையும் 25 செ.மீ. நீளமான ஒட்டுப்பலகையில் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினேன். கண்டுபிடித்த பாதையின் இருபுறமும் சாப்பர்கள் வெள்ளை நாடா விரிப்பது வழக்கம். காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணியில் உருவிய இழைகளை நீர்த்த ஃபெவிகாலில் நனைத்து அந்த நாடாவாக்கினேன். வயர்லெஸ்காரனின் கையிலிருந்த பேசியைச் சீவிவிட்டு நாடாச் சுருளைக் கொடுத்தாயிற்று.

மொத்தச் செலவு ₹2,300-க்குச் சற்று மேல், அதில் பாதிக்கு மேல் தலைகளுக்கு. அடுத்தமுறை ஒரு மார்க்-2 தலையை நன்றாகச் சீர்செய்து, சிலிகான் அச்செடுத்து, ரெசினில் வேண்டிய அளவு வார்த்துக்கொள்வேன், சொந்த உபயோகத்துக்கு மட்டும். ரெசின் தலையைத் தேய்க்கலாம், சீவலாம், கழுத்தின் சாய்வை உப்புத்தாளிலேயே அளவெடுத்து எடுக்கலாம். ஜெர்கின் மாவையும் ஓர் உருவத்துக்கு வேண்டிய அளவு மட்டுமே பிசைவேன். மூன்று பேருக்குச் சேர்த்துப் பிசைந்ததில் கடைசி ஆளின் முதுகுத்துண்டு மடிப்பு விழாமல் விறைத்துக்கொண்டது, அவனைப் பின்வரிசையில் சுவர்ப் பக்கமாக நிறுத்தியிருக்கிறேன். கழற்றிய எம்-1 தலைகளை அரைக்கால் சட்டை உடல்களில் செருகிப் பார்த்தேன்; பாலைவனத்தில் வழிதவறிய அமெரிக்கர்களாக அவை ஒரு டப்பாவில் காத்திருக்கின்றன. அவற்றின் கழுத்துக்கு மட்டும் 0.6 மி.மீ. துளை போதாது, இந்த வார்ப்பின் பிளாஸ்டிக் சற்றுக் கடினம் என்பதால் 0.65 முனை தேடிக்கொண்டிருக்கிறேன்.